ஒரு கீறல் கோட்டுக்கு நாலு வீலையும் மாற்றணுமாம்!

வணக்கம் மக்களே! நம் சேனலைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், வண்டி கழுவும்போது எனக்கு முதலில் வீல், அப்புறம்தான் மற்றதெல்லாம். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த நம் மாருதி பலேனோ காரின் இடது முன் அலாய் வீலுக்கு நடந்ததைப் பாருங்கள். இது அன்றைக்கே எடுத்த போட்டோ. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து, உள்ளே அலுமினியம் சொரசொரவென்று தெரிகிறது. புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் சாவி வாங்கி பார்க் பண்ணிய பையன் நடைபாதைக் கல்லோடு உரசிவிட்டான்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "ரிப்பேர் கிடையாது சார், மாத்திடுங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா மத்த மூணும் பழசாத் தெரியும், நாலையும் மாத்திடுங்க" என்கிறார்கள். ஒன்று 9,400 ரூபாய். நாலுக்கு 37,600! வீல் வளையவில்லை, விரிசல் இல்லை, காற்று இறங்கவில்லை. ஒரு கோட்டுக்கு 37,600 ரூபாயா? வயிறு எரிகிறது.

இன்னொரு கடையில், "டயரைக் கழட்டாமலே கருப்பு அடிச்சிடலாம், 600 ரூபா" என்றார்கள். கருப்பு வீல் எனக்கு அறவே பிடிக்காது. அது போகட்டும், டயரோடு வைத்து அடித்தால் ரப்பர் உட்காரும் விளிம்புக்குப் பெயின்ட் போகாது. நம் ஊர் உப்புக்காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே நுழையும். கொஞ்ச நாளில் கிளியர் கோட், அதாவது மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு, தூக்கிக்கொண்டு, அடியில் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்துவிடும்.

கடைசியில் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு அண்ணன் செய்து கொடுத்தார். டயரைக் கழற்றி, பிசிறைத் தேய்த்து, ஆழமான இடத்தில் மட்டும் பள்ளத்தை நிரப்ப எபாக்ஸி பட்டி, மறுபடியும் உப்புத்தாள், பிரைமர், சில்வர், மேலே கிளியர் கோட். எவ்வளவு தெரியுமா? 1,800 ரூபாய்! டயர் கழற்றி மாட்டும் கூலியும் அதில் அடக்கம். பில்லைக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள். 37,600 எங்கே, 1,800 எங்கே!

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். இது டைமண்ட் கட் வீல். வெயிலில் தடவிப் பார்த்தால் முகப்பில் மெல்லிய வரி வரியாகத் தெரியும் இல்லையா, அது லேத்தில் சீவியது. அந்த வரி அச்சு அசலாக வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் இயங்கும் சிஎன்சி லேத்தில்தான் மறுபடி சீவ வேண்டும். சீவச் சீவ உலோகம் குறையும், அதனால் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. எனக்கு உரசியது ஓரம் மட்டும், அதனால் சில்வரே போதும் என்று முடிவு பண்ணினேன்.

விரிசல் விட்ட வீலை மட்டும் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், தயவுசெய்து மாற்றுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய வீல் ஒற்றையாகவும் கிடைக்கும். பலேனோவுக்கு 4 நட்டு, 100 மில்லிமீட்டர் பிசிடி, அதாவது நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். அதோடு ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு), நடு ஓட்டை அளவு எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள், சுற்றவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரைக் கழற்றினால் பேலன்சிங் கட்டாயம். அதற்கு 150 தனி. அண்ணன் நட்டுகளை ஏர் கன்னால் தடதடவென்று ஏற்றாமல், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் குறுக்குக் குறுக்காக முடுக்கினார், அதற்காகவே அவருக்கு ஒரு லைக் போடலாம்.

பெயின்ட் நன்றாக இறுகும்வரை பிரஷர் வாஷ் வேண்டாம். வாட்டர் வாஷ் கடையில் வீலுக்கு ஆசிட் எடுத்தால், எப்போதாக இருந்தாலும் சரி, தொடவே விடாதீர்கள். ஷாம்பூ தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும்.