முதலாம் ஆண்டுக்குப் போகும் பயிற்சி ஆசிரியர்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். இன்று இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முதலாம் ஆண்டில் வந்து உட்காரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தரப் போகிறவர் எப்படித் தயாராகிறார் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்தவர் ஆயத்தப் படிப்புக்குப் பிறகு ஆசிரியர் கல்விக் கழகத்தில் நான்காண்டு பட்டப்படிப்பு படிக்கிறார். செபராங் பிறையில் இருப்பவர்களுக்குத் துவாங்கு பைனூன் வளாகம் தெரிந்திருக்கும். இலக்கணம், இலக்கியம், உளவியல், கற்பித்தல் முறை எல்லாம் உண்டு. நடுவில் பள்ளிக்கு அனுப்பும் பயிற்றுப்பணியும் உண்டு. சரி, இதில் என்ன குறை?

புணர்ச்சி விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார் நம் பயிற்சி ஆசிரியர். ஆனால் ‘கொக்கு’ என்ற சொல்லில் பிள்ளை ஏன் திணறுகிறது என்று கேட்டால் யோசிப்பார். தாளில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ககரம். வாயில் வருவதோ முதலில் க், பிறகுதான் ஒ. கண் பார்க்கும் வரிசை வேறு, நாக்கு சொல்லும் வரிசை வேறு. அப்புறம் கடைசி எழுத்து ‘கு’. உகரம் ஏறியதும் ‘சு’வுக்கு ஒரு வடிவம், ‘மு’வுக்கு இன்னொன்று, ‘து’வுக்கு மற்றொன்று. 247 எழுத்தையும் ஒப்பித்துவிட்ட பிள்ளை கதைப் புத்தகத்தைத் திறந்ததும் திக்குவது இதனால்தான்.

இன்னொன்று. அதே வாரத்தில் அந்தப் பிள்ளை மலாய், ஆங்கிலப் பாடங்களிலும் எழுத்துக் கூட்டுகிறது. அங்கே ‘p’ ஒலிக்கும் ‘b’ ஒலிக்கும் தனித்தனி எழுத்து. இங்கே ‘பம்பரம்’ என்றால் ஒரே பகரம், முதலில் ஓர் ஒலி, மகர மெய்க்குப் பின் வேறோர் ஒலி. இதைப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும், திட்டாமல் இருப்பார்.

2010இல் வந்த லினுஸ் திட்டம், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாரும் வாசிக்கவும் எண்ணவும் வேண்டும் என்றது. அதன் எழுத்தறிவுச் சோதனை மலாயில் தொடங்கியது, 2013இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழ் வாசிப்பைக் கண்காணிப்பது பெரும்பாலும் வகுப்பாசிரியரின் காதையே நம்பியிருக்கிறது. அந்தக் காதுக்குத்தான் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

பயிற்றுப்பணியில் நாள் பாடத்திட்டம் எழுதவும், படவட்டை வெட்டவும், கோப்பு அடுக்கவுமே பாதி இரவு போய்விடுகிறது. விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வரும் நாளில் பாடம் நாடகம்போல் அழகாக நடக்கும். பின்வரிசைப் பிள்ளை வாயை மட்டும் அசைத்துக் கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

என் யோசனை சிறியது. பயிற்சி ஆசிரியருக்கு முதலாம் ஆண்டு வகுப்பில் வாசிக்கத் திணறும் ஒரே ஒரு பிள்ளையை ஒப்படையுங்கள். பெற்றோர் சம்மதத்தோடு வாரம் ஒருமுறை அந்தப் பிள்ளை வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். எந்த எழுத்தில் நின்றது, எதை ஊகித்தது, எதைத் தானே திருத்திக்கொண்டது என்று பக்கத்திலேயே குறிக்கட்டும். விரிவுரையாளர் வரும்போது கோப்பைப் புரட்டுவதற்கு முன் அந்தப் பதிவைக் கேட்கட்டும். வழிகாட்டி ஆசிரியரும் கூட உட்காரலாம், அவருக்கு அந்தப் பிள்ளையை ஏற்கெனவே தெரியும்.