அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்ட அம்மா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் கணினியைப் பொறுப்போடு பயன்படுத்தவும் பதிப்புரிமையை மதிக்கவும் வழி செய்வது விதிகளா, ஆசிரியரா? ஆசிரியரேன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி நண்பர் போற போக்குல ஒரு குத்து குத்திட்டுப் போனார். "ஆசிரியர் சொன்னாத் திருந்திடுவாங்களாம்! அந்த ஆசிரியரே கேள்வித்தாளை இணையத்துல இருந்துதான் சுடுறார்"னார். கைதட்டினீங்க. நானும் தட்டினேன், நல்லாத்தானே இருந்துச்சு!

ஐயா, அவர் சுட்டப்போ உங்க விதி எங்க போயிருந்துச்சு? கணினி அறைச் சுவத்துல தொங்கிக்கிட்டுத்தானே இருந்துச்சு? லேமினேஷன் போட்டு, நாலு மூலைக்கும் ஆணி அடிச்சு! விதி பார்த்துக்கிட்டு இருக்கும்போதே சுட்டிருக்கார்! நீங்க எங்க அணியைக் குத்தல நண்பரே, உங்க அணிக்கு இரங்கல் வாசிச்சிருக்கீங்க.

விதியை யாருங்க படிக்கிறா? ஒரு செயலியை இறக்கினா பக்கம் பக்கமா நிபந்தனை வருது. கடைசியில 'ஒப்புக்கொள்கிறேன்'. முழுசாப் படிச்சுட்டு அமுக்கினவங்க கை தூக்குங்க பார்ப்போம். பாருங்க, நடுவரே தூக்கல!

ஒரு பள்ளிக்கூடத்துல, 'என் அம்மா'ன்னு கட்டுரை எழுதிட்டு வரச் சொன்னார் தமிழாசிரியர். ஒரு பையன் எழுந்து வாசிக்கிறான். "என் அம்மா அன்பின் வடிவம். என் அம்மா பொறுமையின் சிகரம். இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது, ஏற்கிறீர்களா?" மொத்த வகுப்பும் ஒரே குரல்ல, "ஏற்கிறோம்!"

இருங்க, இன்னும் முடியல. அடுத்து ஒரு பொண்ணு. அதே வடிவம், அதே சிகரம். உஷாரான பொண்ணு, குக்கீயைத் தூக்கிருச்சு. ஆனா நடுவுல, "என் அம்மா அதிகாலையில் எழுவார். விளம்பரத்தைத் தவிர்க்க ஐந்து விநாடி காத்திருக்கவும்." ஆசிரியரும் அஞ்சு விநாடி காத்திருந்தார்! மூணாவது பையன் இருக்கானே, எல்லாத்தையும் அழிச்சுட்டு கடைசி வரியை மட்டும் விட்டுட்டான். "இத்தகைய தாய்க்கு நான் என்றும் கடமைப்பட்டவன். அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை. அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது." "ஏன்டா, உங்க அம்மாவை யாருடா நகலெடுக்கப் போறா?"ன்னார். "என் தங்கச்சி அப்படியே அம்மா மாதிரி இருப்பா ஐயா"ங்கிறான்!

சில பிள்ளைங்க கீழ 'நன்றி: இணையம்'னு போடும். போட்டா எல்லாம் சரியாப் போச்சாம்! பேர் சொல்றது வேற, அனுமதி வாங்குறது வேற. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வந்த படம்னா அனுமதி முன்கூட்டியே கொடுத்தாச்சு, அந்த உரிமத்துல சொல்லியிருக்கிற நிபந்தனையை மட்டும் மதிக்கணும். இதெல்லாம் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து காட்டினாத்தான் புரியும்.

அந்தக் குக்கீப் பையனை ஆசிரியர் தனியாக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, சொந்தமா நாலு வரி எழுதக் கூடாதா?"

"எனக்கு அம்மா இல்ல ஐயா. முகமே ஞாபகம் இல்ல. அதான் தேடிப் பார்த்தேன்."

விதிப்படி அவனுக்கு மதிப்பெண் பூஜ்யம். ஆசிரியர் என்ன பண்ணார்? "உன்னை வளர்க்கிறவங்களைப் பத்தி எழுது"ன்னார். எழுதினான். "எங்க அத்தை தலை சீவினா வலிக்கும். ஆனாலும் அத்தைதான் சீவணும்."

இதை எழுதி முடிச்ச நொடியே பதிப்புரிமை அவனுக்கு வந்தாச்சுங்க! பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து 1886-ல போட்ட பெர்ன் உடன்படிக்கையை 1908-ல திருத்தினப்பவே, பதிவு கிதிவு எதுவும் வேண்டாம்னுட்டாங்க. அவன் வாழ்நாள் முழுக்க, அதுக்கப்புறமும் குறைஞ்சது 50 வருஷம் அந்த உரிமை நிக்கும். ஆசிரியர் இதைச் சொல்ல, பையன் கேட்டான்.

"அப்ப என்னைக் கேக்காம யாரும் இதை எடுக்கக் கூடாதா ஐயா?"

"கூடாதுப்பா."

"எங்க அத்தை கேட்டா மட்டும் குடுத்துடலாமா?"

மணி அடிச்சிட்டாங்க. தீர்ப்பை நீங்க சொல்லுங்க நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.