சுவர் கேட்கும் சித்திரங்கள்

(நூலக வார விழாவையொட்டி நடந்த மாணவர் ஓவியக் கண்காட்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் மருத்துவர் ஐயா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, பிள்ளைகளின் படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து என் பேச்சில் மாட்டிக்கொண்ட பெற்றோர்களே, தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் இளம் ஓவியர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை அணிவித்த தலைமையாசிரியருக்குத் தனியாக ஒரு நன்றி. மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் போர்த்திய பிறகும் அவருக்குக் கை சளைக்கவில்லை. வார்டு உறுப்பினர் ஒருவரின் பெயர் வரவேற்புரையில் விடுபட்டுப்போனதாகச் சீட்டு வந்திருக்கிறது. அவருக்கும் நம் வணக்கம் உரித்தாகட்டும்.

அழைப்பிதழில் ‘நவீன ஓவியம்: ஐந்து இயக்கங்கள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இம்ப்ரஷனிசம், எக்ஸ்பிரஷனிசம், கியூபிசம், சர்ரியலிசம், அரூப ஓவியம். ஐந்தையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு பழமொழி. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நம் தலைவர் மருந்துச் சீட்டில் எழுதாத குறையாக எல்லோரிடமும் சொல்லும் பழமொழி இது. உடம்புதான் சுவர், மற்றதெல்லாம் சித்திரம் என்பது அவர் கணக்கு. நான் சுவரைச் சுவராகவே எடுத்துக்கொள்கிறேன். செங்கல், சுண்ணாம்பு, அதில் அடிக்க ஓர் ஆணி. நவீன ஓவியத்தின் வரலாற்றை வண்ணத்தின் வரலாறாகவும் தத்துவத்தின் வரலாறாகவும் பேசுகிறவர்கள் உண்டு. யாருக்குச் சுவர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால் பாதி வரலாறு விளங்கிவிடும்.

பாரிஸ் நகரம், 1863. அந்தக் காலத்தில் பிரான்சில் ஓர் ஓவியன் பெயரெடுக்க வேண்டுமானால் அரசு ஆதரவில் நடந்த சலோன் கண்காட்சியில் இடம்பிடித்தாக வேண்டும். தேர்வுக் குழு ஒப்புக்கொண்டால் படம் சுவரேறும். ஏறினாலும் நிம்மதி இல்லை. தரையிலிருந்து கூரைவரை படங்களை நெருக்கி மாட்டுவார்கள். செல்வாக்கு இல்லாதவன் படம் விட்டத்தருகே போய்விடும், அண்ணாந்து பார்ப்பவனுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். அந்த ஆண்டு வந்த படங்களில் பாதிக்கு மேல் குழு தள்ளிவிட்டது. ஓவியர்கள் கொதித்துப்போனார்கள். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் குழுவின் தீர்ப்பை மாற்றவில்லை. தள்ளிய படங்களுக்கும் தனியே இடம் கொடுங்கள், மக்களே பார்த்து முடிவு செய்யட்டும் என்று உத்தரவிட்டார். அதற்குப் பெயரே ‘மறுக்கப்பட்டோர் கண்காட்சி’. மக்கள் திரண்டார்கள், சிரிப்பதற்கென்றே பலர் வந்தார்கள். மானே வரைந்த ‘புல்வெளியில் மதிய உணவு’ அங்கேதான் தொங்கியது. சிரிக்கட்டுமே! சிரிப்பதற்கும் படம் கண்ணில் பட்டாக வேண்டும் அல்லவா?

அடுத்த தலைமுறை பேரரசரின் தயவுக்குக் காத்திருக்கவில்லை. மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ, பெர்த் மோரிசோ ஆகியோரும் நண்பர்களும் சேர்ந்து, நாதார் என்ற புகைப்படக் கலைஞர் காலி செய்துபோன ஸ்டூடியோவைப் பிடித்து, 1874 ஏப்ரல் 15 அன்று தங்கள் கண்காட்சியைத் திறந்தார்கள். அதில் மோனே வைத்த சிறிய படம் ‘இம்ப்ரஷன், சூரிய உதயம்’. இம்ப்ரஷன் என்றால் மனத்தில் பதிந்த தோற்றம். லெ ஹாவ்ர் துறைமுகத்தின் விடியற்காலை. சாம்பலும் நீலமும் கலந்த மூட்டத்தில் இரண்டு மூன்று படகுகள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன், தண்ணீரில் அதன் நிறம் துண்டு துண்டாக. அந்தச் சூரியனை அவர் வானத்தைவிட வெளிச்சமாகத் தீட்டவில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், சூரியன் ஏறக்குறைய காணாமலே போகும். நிறம் ஒன்றினால் மட்டுமே அது சுடர்கிறது. லூயி லெருவா என்ற விமர்சகர், சுவரொட்டும் காகிதம்கூட இதைவிட முடிந்த வேலையாக இருக்கும் என்று எழுதினார். படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இவர்களுக்கு ‘இம்ப்ரஷனிஸ்டுகள்’ என்று கேலிப் பெயரும் வைத்தார். பிள்ளைகளே, உங்கள் படத்தை ஊரார் கேலி செய்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

எக்ஸ்பிரஷனிசத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிவதை விட்டு நெஞ்சில் கொதிப்பதைத் தீட்டினார்கள். முகம் பச்சையாக இருக்கும், தெரு சாய்ந்து விழும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை படித்த நான்கு மாணவர்கள் 1905இல் ‘பாலம்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் கண்காட்சி வைத்த இடம் எது தெரியுமா? ஒரு விளக்குத் தொழிற்சாலையின் விற்பனைக் கூடம்! சுவர் இருந்தால்தான் சித்திரம், அது எந்தச் சுவராக இருந்தால் என்ன?

கியூபிசம் என்றதும் புரியாது என்று கைவிரிக்கிறவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறீர்கள். இடப்பக்கம் ஜன்னலருகே ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரைந்த கோயில் குளத்தைப் பாருங்கள். குளத்தை மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறாள். நான்கு கரைத் தென்னைகளோ நான்கு பக்கமும் படுத்திருக்கின்றன. நந்தி மட்டும் பக்கவாட்டில் நிற்கிறது. ஒரே தாளில் ஒரு குளத்தைப் பல இடங்களில் நின்று பார்த்திருக்கிறாள். 1907ஆம் ஆண்டிலிருந்து பிக்காஸோவும் பிராக்கும் மண்டையை உடைத்துக்கொண்டு தேடியது இந்தச் சுதந்திரத்தைத்தான். பிக்காஸோவின் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ கிட்டத்தட்ட எட்டடி உயரம். வலப்புறம் இருக்கும் இரண்டு பெண்களின் முகத்தை ஆப்பிரிக்க முகமூடிபோல் வெட்டி வைத்திருக்கிறார். அதைப் பார்த்து அவருடைய நண்பர்களே மிரண்டார்கள். 1916இல்தான் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதுவரை ஒன்பது ஆண்டுகள் ஸ்டூடியோவிலேயே கிடந்தது.

சர்ரியலிசத்துக்கு வருவதற்கு முன், அழைப்பிதழில் இல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெக்சிகோ. அங்கே புரட்சி முடிந்தபின் ஹோசே வாஸ்கொன்செலோஸ் என்பவர் கல்வி அமைச்சரானார். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் ஏராளமாக இருந்த நாடு. அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். ஒரோஸ்கோ, சிக்கேரோஸ், தியெகோ ரிவேரா என்று ஒரு படையே சாரம் கட்டி ஏறியது. ஈரச் சுண்ணாம்பின் மேல் நிறத்தைத் தண்ணீரில் குழைத்து வரையும் முறை அது. சுண்ணாம்பு காயும்போது நிறத்தையும் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளும். அன்றைக்கு எவ்வளவு பூசினார்களோ அவ்வளவைத்தான் அன்றைக்கு வரைய முடியும். காய்ந்தபின் திருத்த வேண்டுமானால் கொத்திவிட்டு மறுபடி பூச வேண்டும்.

இந்த ரிவேராவை நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் குடும்பத்தார் அழைத்தார்கள். எண்ணெய்க் கிணறுகளால் உலகப் பணக்காரர்களான குடும்பம். ரிவேராவோ பொதுவுடைமைக்காரர். எப்படிப் பொருந்தும்? அந்த வீட்டு அம்மையாருக்கு அவருடைய ஓவியம் பிடிக்கும், அவ்வளவுதான். முதலில் பிக்காஸோவையும் மத்தீஸையும் கேட்டுப் பார்த்து, அது கூடிவராமல் ரிவேராவிடம் வந்தார்கள். ராக்ஃபெல்லர் மையத்தின் முக்கியமான கட்டடம், நுழைந்தவுடன் எதிரே பெரிய சுவர், தலைப்பு ‘நாற்சந்தியில் மனிதன்’, கூலி 21,000 டாலர். 1933இல் சாரத்தில் ஏறினார். ஏப்ரலில் ஒரு பத்திரிகை, பொதுவுடைமைப் படத்தை ரிவேரா வரைகிறார், செலவை ராக்ஃபெல்லர் கொடுக்கிறார் என்று தலைப்புப் போட்டுச் சீண்டியது. நம் ஆள் சும்மா இருப்பாரா? சுவரில் லெனின் முகம் துலங்க ஆரம்பித்தது. இளையவர் நெல்சன் ராக்ஃபெல்லர் மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். படம் பிரமாதம், அந்த ஒரு முகத்தை மட்டும் யாரென்று தெரியாத ஒருவர் முகமாக மாற்ற முடியுமா என்று. மாற்ற மாட்டேன், வேண்டுமானால் லிங்கனையும் சேர்க்கிறேன் என்றார் ரிவேரா. மே 9ஆம் தேதி அவரைச் சாரத்திலிருந்து இறங்கச் சொன்னார்கள். பாக்கிப் பணத்துக்குக் காசோலையைக் கையில் கொடுத்தார்கள். ஒரு காசு குறைக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். பிறகு கித்தான் போட்டுச் சுவரை மூடினார்கள். 1934 பிப்ரவரியில் ஓர் இரவு அதைக் கொத்தி நொறுக்கிவிட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. அவருடைய உதவியாளர் லூசியன் பிளாக் என்ற பெண், காவலர் கண்ணில் படாமல் கேமராவைக் கொண்டுபோய் முன்பே படமெடுத்து வைத்திருந்தார். சொந்த நாட்டு அரசிடம் ரிவேரா இன்னொரு சுவர் கேட்டார். மெக்சிகோ நகரின் நுண்கலை மாளிகையில் கொடுத்தார்கள். அதே ஓவியத்தை, அதே ஆண்டில், அங்கே மறுபடி வரைந்தார். லெனின் முன்னைவிட உறுதியாக நின்றார். கூடவே புதிதாக ஒருவரும் வந்து சேர்ந்தார். மதுவைத் தொடாதவரென்று பெயரெடுத்த, நெல்சனின் தந்தை ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர், கேளிக்கை விடுதியில் ஒரு பெண்ணோடு மதுக்கிண்ணமும் கையுமாக! தலைக்கு மேலே பால்வினை நோய்க் கிருமிகள் வேறு. இப்போதும் மெக்சிகோ நகருக்குப் போனால் பார்க்கலாம். சுவர் இருந்தால்தான் சித்திரம். ஒரு சுவரை இடித்தால் இன்னொரு சுவர் கொடுக்க ஓர் அரசு வேண்டும்.

நம் பக்கத்துக் கதை இத்தனை சத்தமில்லாதது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து வெளியே வரும் பிள்ளைகள் படம் விற்றுப் பிழைக்க முடியாமல் தூரிகையைத் தூக்கிப்போடுவதைப் பார்த்தார். எல்லோரும் சேர்ந்து பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது. பணிக்கர் தம் படங்களில் ஜாதகக் கட்டங்களையும் எழுத்துபோலத் தோன்றும் கிறுக்கல்களையும் நிரப்பி ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தீட்டினார். அவர்களுக்கு யாரும் சுவர் கொடுக்கவில்லை, தாங்களே கட்டிக்கொண்டார்கள். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் நிலம் வாங்கிக் கட்டிக்கொள்ள முடியுமா, அம்மையார் அவர்களே?

இந்தக் கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். நான்கு பக்கமும் இரும்பு அலமாரி. பிள்ளைகளின் படங்களைச் சணல் கயிற்றில் துணிக்கிளிப் போட்டு ஜன்னல் கம்பிக்குக் கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் நூலகர். அவரை நான் குறை சொல்லவில்லை, இருக்கிற வசதியில் அவ்வளவுதான் முடியும். மின்விசிறி சுற்றும்போது ஒரு படமும் நேராக நிற்பதில்லை. நான் பேச எழுந்தபோது ஒரு சிறுவனின் ஜல்லிக்கட்டுக் காளை கழன்று குத்துவிளக்குப் பக்கம் விழுந்தது. அவன் ஓடிவந்து எடுத்தான். ஓரம் எண்ணெயில் நனைந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவன் வரைந்து கொடுப்பானா?

பழைய நகராட்சிக் கட்டடத்தின் மாடியை எல்லோருக்கும் தெரியும். அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போனபின் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய பதாகைகளுக்கும் குடியிருப்பாகிவிட்டது. வடக்குப் பார்த்த ஜன்னல்கள். நேர்வெயில் அதிகம் படாத, நாள் முழுவதும் அதிகம் மாறாத வெளிச்சம் என்பதால் ஓவியர்கள் தேடிப் போகும் திசை அது. வெள்ளையடித்து, படம் மாட்டக் கம்பி பொருத்தி, நான்கு விளக்குப் போட்டால் போதும். ஊர்ப் பிள்ளைகள், தெருவில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்து பிளெக்ஸ் வந்தபின் வேலையிழந்த ஓவியர்கள், எல்லோருக்கும் மாதம் ஒரு கண்காட்சி வைக்கலாம். போன ஆண்டும் இதே மேடையில் கேட்டேன், முந்தின ஆண்டு ஆசிரியர் தின விழாவிலும் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருப்பேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நான் வாயெடுத்தாலே சிலர் மணி பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். கனவுபோலத் தீட்டும் சர்ரியலிசமும், உருவமே இல்லாத அரூப ஓவியமும் பாக்கி. சால்வதோர் தாலியின் உருகி வழியும் கடிகாரங்களைப் பார்த்திருப்பீர்கள், 1931இல் வரைந்தது. இந்த நூலகத்தில் நல்ல படப் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றைப் புரட்டிக்கொள்ளுங்கள். அரூப ஓவியத்தை அந்த மாடியில் நடக்கும் முதல் கண்காட்சியில் பேசுகிறேன்.

வாசலருகே மேசையில் மனு வைத்திருக்கிறோம். பெற்றோர்கள் கையெழுத்திட்டுவிட்டுப் போக வேண்டும், பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். அம்மையார் ஆறு மணிக்கு வேறொரு நிகழ்ச்சிக்குப் போகவேண்டும் என்றார்கள். போகிற வழியில்தான் பழைய கட்டடம் இருக்கிறது. ஐந்து நிமிடம் மாடியேறிப் பார்த்துவிடலாம், நானும் வருகிறேன். சாவி பொறியியல் பிரிவில் இருப்பதாக ஒருவர் சொன்னார், சுகாதாரப் பிரிவில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். இரண்டு பிரிவிலிருந்தும் இங்கே ஆட்கள் வந்திருக்கிறீர்கள். யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கை தூக்கினால் நலம். நன்றி, வணக்கம்.