பைத்தான் ஆவணங்கள்: பணம் யாருக்குப் போக வேண்டும்?

வணக்கம். இன்று நிரல் எதுவும் எழுதப் போவதில்லை. பைத்தான் நிரல் மொழியின் ஆவணங்களை, அதாவது அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் பக்கங்களைப் பற்றிப் பேச வேண்டும், குறிப்பாக அவற்றுக்குப் பணம் தருவதைப் பற்றி.

திரையைப் பாருங்கள். இது அதிகாரபூர்வ ஆவணத்தில் ஒரு பக்கம். ஓரத்தில் பிழையைத் தெரிவிக்க ஓர் இணைப்பு, மூலக் கோப்பைப் பார்க்க இன்னொன்று. மூலத்தைத் திறந்தால் வெறும் உரைதான், யாரும் படித்துத் திருத்தலாம். ஒரு காலத்தில் இவை அனைத்தும் லாடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்தன. 2008இல் வந்த பைத்தான் 2.6 முதல் ஸ்பிங்க்ஸ் என்ற எளிய ஆவணக் கருவிக்கு மாறின. அதற்குப் பிறகு லாடெக் தெரியாதவர்களும் துணிந்து கை வைத்தார்கள்.

ஆக, எழுத வருகிறவர்களுக்கு வழி இருக்கிறது. அவர்கள் அனுப்பியதைச் சரிபார்த்துச் சேர்ப்பவர்கள்தாம் போதவில்லை. ஒரு செயற்கூற்றை (function) ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பல இழைகளிலிருந்து (threads) ஒரே நேரத்தில் அழைக்கலாம் என்று ஒருவர் ஒற்றை வரி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையா என்று அறிய, பைத்தானுக்கு அடியில் இருக்கும் சி மொழி நிரலைப் படிக்க வேண்டும். எந்தப் பதிப்பிலிருந்து உண்மை, பழைய பதிப்புகளின் ஆவணத்திலும் சேர்க்கலாமா என்று பார்க்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையும் கவலையும் சேர்ந்தே வருகின்றன.

திறமூல மென்பொருள்களுக்கு, அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களுக்கு, ஆவணம் எழுத உதவும் சீசன் ஆஃப் டாக்ஸ் என்ற திட்டத்தைக் கூகுள் 2019இல் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகள் எழுத்தாளர்களுக்கே உதவித்தொகை கொடுத்தார்கள். 2021இலிருந்து திறமூலத் திட்டங்களுக்கு 5,000 முதல் 15,000 டாலர் வரை நிதி அளித்து, எழுத்தாளரை அந்தத் திட்டங்களை நடத்துபவர்களே தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பணம் சில மாத வேலைக்கானது. பைத்தானோ 3.9இலிருந்து ஆண்டுதோறும் ஒரு புதிய பதிப்பு என்ற கணக்கில் வருகிறது. எழுதியவர் போன பிறகும் பக்கம் பழையதாகிக்கொண்டே இருக்கும்.

பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2021இல் லுகாஷ் லாங்காவை முழுநேர உறைவிட நிரலாளராக (Developer in Residence), அதாவது பைத்தானுக்காகவே சம்பளம் பெற்று வேலை செய்பவராக அமர்த்தியது நினைவிருக்கிறதா? தேங்கிக் கிடந்த மாற்றங்களைப் பரிசீலிப்பது அவருடைய பணிகளில் ஒன்று. ஆவணங்களுக்கும் அப்படி ஒருவர் சம்பளத்தோடு உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிய பக்கங்கள் எழுதுவதற்கு அல்ல, வந்தவற்றைப் படித்து முடிவு சொல்வதற்கு.

மொழிபெயர்ப்புக்கும் இதே தேவைதான். பைத்தானுக்கான முன்மொழிவு ஆவணங்களில் ஒன்றான பிஇபி (PEP) 545இன்படி ஒரு மொழி ஆவணத்தின் மொழிப் பட்டியலில் இடம்பெற, பயிற்சிப் பகுதி, உள்ளமைந்த செயற்கூறுகள், பிழை தெரிவிக்கும் பக்கம் மூன்றும் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். தமிழில் கொண்டுவர விரும்புகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர்களோடு, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கப் போகிறவர்களையும் முதலிலேயே தேடிக்கொள்ளுங்கள்.

பைத்தானை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனத்தில் இருக்கிறீர்களா? அறக்கட்டளைக்கு நன்கொடை தரும்படி மேலாளரிடம் கேளுங்கள். ஆவணத்தில் திருத்தம் அனுப்புகிறவர்கள் ஒரு மாற்றக் கோரிக்கையில் (pull request) ஒரே விஷயத்தை வையுங்கள். எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தீர்கள், என்ன விடை வந்தது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.