சுரைக்குடுக்கைக்குள் இருந்த அவரை

(ஏற்காட்டில் மலை விவசாயிகள் கூட்டம் ஒன்றில் நான் பேசியது. வந்திருந்த சிலர் எழுத்தில் கேட்டதால், பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் தோட்டக்கலைத் துறை உதவி இயக்குநர் அவர்களே, ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நேரத்துக்கு வந்து சேர்ந்த வங்கி மேலாளர் அவர்களே, நாகலூர், கொட்டச்சேடு, வெள்ளக்கடை, செம்மடுவு ஊர்களிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் மொச்சைச் சுண்டல் செய்து வைத்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

உதவி இயக்குநர் அவர்கள் இன்னொரு கூட்டத்துக்குப் போக வேண்டியவர். எனக்காக அரை மணி நேரம் தள்ளிப் போட்டிருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. தலைவர் அம்மா எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்போடு ஏற்றுக்கொண்டேன். ஆனால் அம்மா, அடுத்த முறை பொன்னாடைக் காசுக்கு ஒரு படி நல்ல அவரை விதை வாங்கி என் கையில் கொடுங்கள். அதை இந்த மேடையிலேயே நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவேன்.

பயறு வகைகளில், குறிப்பாக பீன்ஸிலும் அவரையிலும், புது இரகம் எப்படி உருவாக்குகிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மகசூல், நோய் எதிர்ப்பு, சத்து, சந்தை என்று நான்கு விஷயம் சொல்ல வேண்டும். மகசூலிலிருந்து தொடங்குகிறேன்.

'சுரை விதை போட்டா அவரை முளைக்குமா?' என்று நம் ஊரில் கேட்பார்கள். பிள்ளைகளைத் திட்டத்தான் இதை எடுப்போம். எனக்கு இது பயிர் விஞ்ஞானத்தின் முதல் பாடமாகத் தெரிகிறது. விதைக்குள் இல்லாதது வயலுக்கு வராது. உரம் போடலாம், தண்ணீர் பாய்ச்சலாம், மருந்து அடிக்கலாம். உள்ளே இருப்பதை அது வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான்.

இதைத் தராசில் நிறுத்து நிரூபித்தவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி வில்ஹெல்ம் யோஹான்சன். அவர் கையில் எடுத்ததும் பீன்ஸ்தான். ஒரு மூட்டை பீன்ஸ் விதையில் பெருசும் சிறுசும் கலந்து கிடக்கும் அல்லவா? தனித்தனிச் செடியின் விதையைத் தனித்தனி வரிசையாகப் பெருக்கினார். 19 வரிசை. ஒரே வரிசைக்குள் பெருத்த விதையைப் பொறுக்கிப் போட்டாலும் சிறுத்த விதையைப் பொறுக்கிப் போட்டாலும், அடுத்த தலைமுறையில் சராசரி எடை ஒன்றாகவே வந்தது. வரிசைக்கு வரிசைதான் வித்தியாசம். 1903-இல் இதை வெளியிட்டார். இன்று உலகமே சொல்லும் 'ஜீன்' என்ற சொல்லை 1909-இல் தந்தவரும் அவர்தான்.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. பீன்ஸ் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். ஆகவே கடையில் வாங்கும் ஒரே சீரான இரகம் பெரும்பாலும் ஒற்றை வரிசை. அதில் எவ்வளவு பொறுக்கினாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நம் பாட்டிமார் வைத்திருந்த கலவை விதையில் பல வரிசை ஒன்றாகக் கிடக்கிறது. பொறுக்கினால் பலன் வரும். இரகம் உருவாக்குகிறவர் முதலில் தேடுவதும் அந்தக் கலவையைத்தான். தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் ஒரு விதை வங்கி இருக்கிறது. பீன்ஸில் மட்டும் 37,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் குளிர் அறையில் காத்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் யாரோ ஒரு பாட்டியின் பானையிலிருந்து போனவைதான்.

பாட்டி என்றதும் ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாகலூர்ப் பக்கம் எனக்கு ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கீழே ஒரு கடையில் செடி பீன்ஸ் விதை வாங்கிப் போட்டேன். பாக்கெட் மேல் அழகான படம். முளைப்பும் குறைவில்லை. முதல் மூன்றிலைக் கொத்து விரிந்தது பாருங்கள், அதிலேயே தேமல். நரம்போரம் கரும்பச்சை, நடுவில் வெளுப்பு, இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு கிடக்கிறது. அவ்வளவு இளசிலேயே தேமல் தெரிந்தால், நோய் விதைக்குள்ளேயே வந்துவிட்டது என்று அர்த்தம். அசுவினிப் பூச்சி பிறகு பரப்பும், ஆனால் விருந்தாளியை வீட்டுக்குள் அழைத்து வந்தது விதைதான். கடைக்காரரிடம் போனேன். 'மழை சரியில்லைங்க' என்றார். நானே நாற்பது நாளில் உழுது போட்டேன்.

ஆடி பிறந்துவிட்டது. அவரையாவது போடலாம் என்று விதை தேடினேன். மலைக் கிராமம் ஒன்றில் ஓர் ஆயா வீட்டு வேலியில் அவரை நன்றாக வரும் என்று சொன்னார்கள். ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து போனேன். ஆயா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தது.

'ஆயா, கொஞ்சம் அவரை விதை வேணுங்க' என்றேன்.

ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தது. 'யார் மகன் நீ? செம்மண்ணா, கருப்பா? பந்தல் போடுவியா, வேலியில விடுவியா? ஒழவு ஓட்டியாச்சா?'

'ஓட்டியாச்சுங்க.'

'கையைக் காட்டு.'

காட்டினேன். என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து உள்ளே போனது. அடுப்புக்கு மேலே பரணில், புகை படிந்து கன்னங்கரேல் என்று ஒரு சுரைக்குடுக்கை தொங்கியது. வாயைத் துணி வைத்து அடைத்து, மேலே சாணி பூசியிருந்தது. அதை இறக்கி, சாணியை உடைத்து, முறத்தில் கொட்டியது. சாம்பலோடு சேர்ந்து சலசலவென்று விழுந்தது விதை. கறுப்பு ஒன்று, செம்பழுப்பு ஒன்று, புள்ளி போட்டது ஒன்று.

வாழ்நாளெல்லாம் 'சுரை போட்டா அவரை முளைக்குமா' என்று கேட்டவன் நான். அன்றைக்குச் சுரைக்குள்ளிருந்து அவரை வந்தது!

ஆயா ஒவ்வொரு விதையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. துளி கறை இருந்தால் கோழிக்கு எறிந்தது. சுருங்கியது கோழிக்கு. பொத்தல் கோழிக்கு. 'ஏன் ஆயா மூணு வகையும் ஒண்ணா வெச்சிருக்கீங்க?' என்றேன். விரலால் பிரித்துக் காட்டியது. 'இந்தக் கறுப்பு, மழை ஒழுங்கா பேஞ்சா. இந்தச் செவப்பு, மழை கொட்டிக் கெடுத்தா. இந்தப் புள்ளி, ரெண்டும் பொய்ச்சா. எது வரும்னு சாமிக்குத்தான் தெரியும் கண்ணு. அதான் மூணையும் போடறது.'

காப்பீட்டுத் திட்டம் பற்றி வங்கி மேலாளர் சற்று முன்னால் தெளிவாகச் சொன்னார்கள். இந்த ஆயாவின் காப்பீடு ஒரு குடுக்கைக்குள் இருந்தது.

ஓர் உழக்கு அளந்து கொடுத்தது. காசு கொடுத்தேன், தொடவில்லை. 'பொங்கலுக்கு முன்ன ரெண்டு உழக்கு திருப்பிக் குடு.' அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. கறுப்பு பூவெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது. செம்பழுப்பு கொத்துக்கொத்தாகக் காய்த்தது. தை பிறக்குமுன்னே இரண்டு உழக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆயா அதையும் முறத்தில் கொட்டி, ஒரு கைப்பிடி பொறுக்கி என் துண்டில் திருப்பிப் போட்டது. 'இது கொழம்புக்கு ஆவும். வெதைக்கு ஆவாது.'

இப்படித்தான், நண்பர்களே, நான் நோய் எதிர்ப்புப் பாடம் படித்தேன். ஆயா கோழிக்கு எறிந்த அந்தக் கறை விதை இருக்கிறதே, அதில் பெரும்பங்கு கரும்புள்ளி நோய்தான். ஆந்த்ரக்னோஸ் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பூசணம் விதைத்தோலுக்குள் புகுந்து உட்கார்ந்து அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். அதனால் எதிர்ப்புத் திறன் உள்ள இரகத்தை விஞ்ஞானி கொடுத்தாலும், விதையைப் பொறுக்குவது நம் கையில் இருக்கிறது. இலை ஈரமாக இருக்கும்போது பீன்ஸ் வயலுக்குள் இறங்காதீர்கள். மூடுபனி விலகட்டும், பனி காயட்டும், பிறகு காய் பறியுங்கள். ஈரத்தில் நம் புடவையும் வேட்டியுமே அந்த நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோகும்.

விஞ்ஞானிகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஓர் ஆராய்ச்சி மாணவி பீன்ஸ் பூவில் ஒட்டுக்கலப்பு செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் மலரப் போகும் மொட்டு. அதற்குள் இருக்கும் அடி இதழ் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிறது. சின்ன இடுக்கியால் அதை விலக்கி, பத்து மகரந்தப் பையையும் ஒன்று விடாமல் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடிப் பூவின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, மொட்டை மறுபடி மூடி, நூல் கட்டிச் சீட்டு மாட்டினார். ஒரு மொட்டுக்கு ஐந்து நிமிஷம். கை நடுங்கினால் மொட்டு உதிர்ந்துவிடும். அன்று காலை முப்பது மொட்டு செய்தார், எத்தனை நிற்கும் என்று கேட்டேன், சிரித்தார். நின்றதை விதைத்து, அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று ஆறேழு தலைமுறை பொறுக்கினால்தான் ஒரு நிலையான இரகம் கிடைக்கும். அதை மூன்று நான்கு இடங்களில் சோதிக்க வேண்டும். பத்து வருஷ வேலை.

அந்த வேலையின் பலனை நீங்கள் தினமும் சாப்பிடுகிறீர்கள். பந்தல் அவரை இரவு நீண்டால்தான் பூக்கும். ஆடியில் போட்டதற்கு ஐப்பசி கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இரவு பகல் பார்க்காமல் பூக்கும் செடி அவரையைக் கொண்டுவந்தார்கள். பந்தலும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். நம் ஏற்காட்டுப் பெயரைத் தாங்கி ஒரு பீன்ஸ் இரகமே இருக்கிறது, ஏற்காடு 1. பேராசிரியர் அவர்கள் இங்கே அமர்ந்திருப்பதால் சொல்கிறேன், அந்த நிலையத்துக்கு இந்த மலை என்றும் கடன்பட்டிருக்கிறது.

வெயில் தாங்கும் பீன்ஸ் வேண்டும் என்று கொலம்பியாவில் தேடினார்கள். மெக்சிகோ எல்லைப் பாலைவனத்துப் பழங்குடிகள் காலங்காலமாகப் போட்டுவந்த டெப்பாரி என்ற பயற்றோடு கலந்துதான் அதைக் கொண்டுவந்தார்கள். பாலைவனத்து மக்கள் அதை விட்டிருந்தால் கலப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. சுரை விதை போட்டா அவரை முளைக்குமா? இல்லாத விதையிலிருந்து எந்த ஆராய்ச்சி நிலையம் எதை எடுக்கும்?

இதற்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டு வருகிறேன். கிராமத்துக்கு ஒரு விதைக்கூடம் வேண்டும். இந்தச் சேர்வராயன் மலையில் 67 கிராமம் என்கிறார்கள். அறுபத்தேழிலும் வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஈரம் ஏறாத ஓர் அறை, நான்கு மண்பானை, ஒரு மூட்டை சாம்பல், ஒரு நோட்டு, பொறுக்கத் தெரிந்த ஓர் ஆயா. விதையைப் பத்திரப்படுத்தவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும், பிராண்டு பெயர் போடாத வரையில், விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. விவசாயி தன் இரகத்தைத் தன் பெயரில் பதிவும் செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இதை எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்? தலைவர் அம்மா அவர்களே, பழைய சத்துணவுக் கூடத்து ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. அந்தச் சாவியை மகளிர் குழுவிடம் கொடுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

சத்து பற்றியும் சொல்ல வேண்டுமே. ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 2010-இலிருந்து இரும்புச்சத்து கூடிய பீன்ஸ் இரகங்களை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். சாதாரண பீன்ஸில் பத்து லட்சத்தில் 50 பங்கு இரும்பு என்றால் அதை 94-க்கு உயர்த்துவது இலக்கு. அது முற்றி உலர்ந்த பயற்றின் கணக்கு, பச்சைக் காய்க்கு இல்லை. மொச்சையை ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். மற்றதைச் சகோதரிகள் சுண்டலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆயா வீட்டுக் கதை முடியவில்லை. சில வருஷம் கழித்துப் போனேன். வீடு தார்சு வீடாகியிருந்தது, நல்லதுதான், கேஸ் அடுப்பு வந்திருந்தது, அதுவும் நல்லதுதான். ஆயாவுக்குக் கண் புகை தட்டவில்லை. ஆனால் புகை இல்லாததால் குடுக்கையில் வண்டு விழுந்து, எல்லாம் மாவாகிப் போயிருந்தது. கறுப்பும் செம்பழுப்பும் என்னிடம் இருந்தன, திருப்பிக் கொடுத்தேன். புள்ளி அவரை என்னிடம் இல்லை. காய் சிறிசு, கீழே சந்தையில் விலை போகாது என்று இரண்டு வருஷம் நான் அதைப் போடவில்லை. முளைப்பு செத்துவிட்டது.

வரகு, தினை, கொள்ளு, அவரை, இந்த நான்கைத் தவிர வேறு உணவில்லை என்று புறநானூற்றில் வரும். அங்கே அவரைக்கு என்ன அடைமொழி கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? 'பொறிகிளர் அவரை'. புள்ளி போட்ட அவரை. அத்தனை நூற்றாண்டு கடந்து வந்ததில் ஒன்று என் கையில் நின்றுபோயிற்று. அதன் ருசி எனக்கு நினைவிருக்கிறது, சுட்ட வெண்ணெய் மாதிரி இருக்கும். உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது, யார் வேலியிலாவது, செம்பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட அந்த விதை இருந்தால், பத்தே பத்து விதை இருந்தால் போதும், இரவென்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மணி ஒன்றாகிவிட்டது, உதவி இயக்குநர் அவர்கள் கிளம்ப வேண்டும். சந்தையைப் பற்றி அவரே இரண்டு வார்த்தை சொல்வார். சுண்டல் மேசைப் பக்கத்தில் ஒரு சுரைக்குடுக்கை வைத்திருக்கிறேன். போன தை மாசம் எடுத்த கறுப்பும் செம்பழுப்பும் உள்ளே இருக்கிறது. ஆளுக்கு இருபது விதை. பக்கத்திலிருக்கும் நோட்டில் பேரும் ஊரும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முன்னால் நாற்பதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொறுக்கி எடுத்துக்கொண்டு வாருங்கள், நானும் முறத்தில் கொட்டித்தான் பார்ப்பேன்.