ஒரு ஷாம்பு பாக்கெட்டுக்குப் பின்னாடி எத்தனை டிபார்ட்மெண்ட்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்ங்க. ஒரு கம்பெனி புதுப் பொருள் எப்படிக் கொண்டு வருதுன்னு பேசக் கூப்பிட்டிருக்காங்க. நான் பேக்கிங் பக்கமே இருந்தவன், அதனால கார், போனுக்கெல்லாம் போகல, ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கறேன். நம்ம கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் இருந்தாரே, கூலி வேலைக்குப் போறவங்களும் வாங்குற மாதிரி ஷாம்புவ சின்னப் பாக்கெட்டுல போட்டவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாய் முதல் போட்டு ஆரம்பிச்சதுதான் சிக் ஷாம்பு. காலி பாக்கெட் அஞ்சு குடுத்தா ஒண்ணு இலவசம்னு வந்துச்சே, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் அம்பது பைசாவுக்கே குடுத்தாங்க.

அந்த அம்பது பைசாவத்தான் கவனிக்கணும். விலைய மொதல்ல முடிவு பண்ணியாச்சு, இப்போ அந்தக் காசுக்குள்ள ஷாம்பு, மேல சுத்துற பிலிம், மெஷின் செலவு, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்கணும். பிலிம் கொஞ்சம் கனமாச்சுன்னா வேற எங்கயாவது குறைக்கணும். அப்போ லேப்காரர், பர்ச்சேஸ், மெஷின் ஓட்டுறவர், சேல்ஸ் எல்லாரும் மொத நாள்லயே ஒண்ணா உக்காரணுமா இல்லையா?

ஆனா உக்கார மாட்டாங்க. நான் பாத்த ஒரு எடத்துல, பேரு வேணாம், லேப்ல சரக்கு ரெடின்னு சொன்னதும் பர்ச்சேஸ்ல பிலிம் பிரிண்ட் பண்ணி ரோல் ரோலா எறக்கிட்டாங்க. கடைசியாத்தான் மெஷினுக்கு வந்துச்சு, ஓட்டுனா பாக்கெட் எல்லாம் கசியுது. மெஷின் ஓட்டுற அண்ணன் ரெண்டு பாக்கெட்ட விரலால அமுக்கிப் பாத்துட்டு, "சார், சரக்கு தண்ணியா இருக்கு, குழாய்லேர்ந்து கடைசிச் சொட்டு சீல் வைக்கிற எடத்துல விழுது, அப்புறம் எப்படி ஒட்டும்?"னாரு. ஷாம்பு கெட்டியாகறதுக்குச் சாதா உப்புதாங்க போடுவாங்க, அளவுக்கு மேல போனா திரும்ப எளகிடும். அந்த அளவ லேப்காரரும் இந்த அண்ணனும் மொதல்லயே பேசியிருந்தா அத்தனை ரோலும் குடோன்ல கெடந்திருக்காது. திரும்பவும் சொல்றேன், மெஷின் ஓட்டுறவர மொத மீட்டிங்லயே கூப்பிடுங்க.

இன்னொண்ணு, பாக்கெட் ஓரத்துல கிழிக்கறதுக்கு ஒரு சின்ன வெட்டு இருக்குமே, அது. ஈரக்கையில வழுக்கி, கடைசில பல்லால கடிச்சு, வாயெல்லாம் ஷாம்பு ஆகி... எல்லார் வீட்லயும் நடக்கறதுதான். வெட்டு ஆழமாப் போனா சீல் வரைக்கும் போயி கசியும், ஆழம் பத்தலன்னா கிழியாது. இதுக்கு பிலிம் வாங்குறவர், பிளேடு வைக்கிறவர், குவாலிட்டி செக் பண்றவர் மூணு பேரும் ஒத்துக்கணும். காஞ்ச கையோட ஆபீஸ்ல கிழிச்சுப் பாத்துட்டு ஓகேன்றாங்க, எனக்கு இன்னைக்கும் அதுல கோவம்தான். பக்கெட்ல கைய நனைச்சுட்டுக் கிழிச்சுப் பாருங்கய்யா!

நேரமாச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. சேல்ஸ் பத்தி நெறைய வச்சிருந்தேன், ஒண்ணே ஒண்ணு மட்டும். புதுச் சரக்கு கடைக்குப் போனப்புறம் ரிட்டர்ன் வர்ற பாக்கெட்டெல்லாம் சேல்ஸ் ஆபீஸ் மூலையில அட்டப்பெட்டியில கெடக்கும். அத அப்படியே லேப்புக்கும் மெஷின்கிட்டயும் அனுப்பிடுங்க. வணக்கம்.