வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

‘ஊர்த் தொடக்கப் பள்ளியின் தரம் உயர முதலில் தேவை ஊராரின் அக்கறையா, போதுமான ஆசிரியர்களா?’ என்பது தலைப்பு. ஆசிரியர்களே என்று வாதிட வந்திருக்கிறேன். சற்று முன் எதிரணித் தலைவர், “பிள்ளையை வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரசுப் பள்ளியைக் குறை சொல்கிறோம்; ஊர் திரும்பிப் பார்த்தால் பள்ளி எழுந்துவிடும்” என்றார். பலத்த கைதட்டல். ஆனால் வேனில் ஏற்றுவதற்கு முன் அந்தத் தாய் நம் பள்ளியில் எதைப் பார்த்தாள் என்பதை அவர் சொல்லாமல் அமர்ந்துவிட்டார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. காலை உணவு முடிந்து பிள்ளைகள் தட்டைக் கழுவி அடுக்கிவிட்டு வகுப்புக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் வட்டார வளமையத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே டீச்சர். வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். உள்ளே சிக்னல் இல்லை. கைப்பேசியோடு வாசற்படிக்கு வந்து நின்றார். கரும்பலகையில் நான்காம் வகுப்பின் வகுத்தல் கணக்கு மீதி காணாமல் பாதியில் நின்றது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘பட்டம்’ என்று சிலேட்டில் எழுதி, அதைக் காட்டுவதற்காக டீச்சரின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். ‘ட’ இடவலமாகத் திரும்பியிருந்தது. கடைசியில் ஐந்தாம் வகுப்புப் பையன்தான் அவளை உட்காரவைத்து, விரலைப் பிடித்து, சரியான பக்கம் திருப்பி எழுதவைத்தான். நல்ல பிள்ளை! ஆனால் அந்த நேரத்தில் அவன் படித்திருக்க வேண்டிய அறிவியல் பாடத்தை அவனுக்கு யார் நடத்துவது?

அந்த டீச்சரிடம் என்ன அக்கறைக் குறை கண்டீர்கள்? அன்று மதியம் வரை அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஆசிரியர்களும் முழுநேரமும் பாடம் நடத்தினாலும் கிடைப்பது 1,600 மணி நேரம். அதை ஐந்து வகுப்புகளுக்குப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு 320 மணி நேரம். 800 எங்கே, 320 எங்கே! சட்டம் பிள்ளைகளை எண்ணியது, வகுப்புகளை எண்ணவில்லை. விடுப்பு, பயிற்சி, கூட்டம் எதையும் நான் கழிக்கவில்லை. தேர்தல் பணியையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஆசிரியர்களுக்குக் கொடுக்க அந்தச் சட்டமே இடம் தந்திருக்கிறது, அதையும் கழிக்கவில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், “பல வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கற்பிக்க முறைகள் வந்துவிட்டனவே, எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறதே” என்றார். 2022இல் வந்த அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எந்த நிலையில் நிற்கிறார்களோ அங்கிருந்து கற்பிக்கச் சொல்கிறது. அருமையான யோசனை. ஆனால் அரும்பு நிலையில் இருக்கும் குழந்தையின் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டுமே! அந்தக் குழந்தை எழுத்துக் கூட்டித் தடுமாறும்போது காது கொடுத்துக் கேட்டுத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை அட்டையும் பயிற்சி நூலும் செய்யாது. திட்டம் எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு ஆசிரியரின் நேரத்தைக் கேட்கிறது.

“காமராசர் காலத்தில் ஓராசிரியர் பள்ளியில் படித்தவர்கள் கலெக்டர் ஆகவில்லையா?” என்றும் கேட்டார்கள். ஆனார்கள். பள்ளியே இல்லாத ஊர்களுக்குப் பள்ளியைக் கொண்டுபோனதும், மதிய உணவு போட்டுப் பிள்ளைகளை வரவழைத்ததும் அந்தக் காலத்தின் மாபெரும் சாதனை. ஆனால் கலெக்டர் ஆனவரை மேடையேற்றி மாலை போடுகிறோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, எழுத்துக் கூட்டத் தெரியாமலேயே ஆடு மேய்க்கப் போனவரை எந்த மேடையில் ஏற்றினோம்? ஒரு பள்ளியின் தரத்தைக் கடைசி வரிசைக் குழந்தையை வைத்துத்தான் அளக்க வேண்டும். தானாகப் படித்துக்கொள்ளும் பிள்ளை எந்தப் பள்ளியிலும் படித்துவிடும்.

ஊரின் அக்கறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். சுவருக்கு வண்ணம் அடிக்கவும், கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவரவும் அவர்கள் அலைவதை நானே பார்க்கிறேன். காலியிடம் இருந்தால் தற்காலிக ஆசிரியரை அமர்த்தும் வேலையும் 2022இல் அந்தக் குழுக்களிடம்தான் வந்தது. தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு அப்போது வைத்த மாதத் தொகுப்பூதியம் 7,500 ரூபாய்! படித்துப் பட்டயம் வாங்கி, தகுதித் தேர்விலும் தேறிய ஒருவரை அந்தத் தொகைக்கு எத்தனை மாதம் நிறுத்திவைக்க முடியும்? ஊர் தன் அக்கறையைக் காட்டிவிட்டது. அதற்கு மேல் நியமன ஆணை போடும் அதிகாரம் ஊரிடம் இல்லை.

கடைசியாக ஒன்று. “பிள்ளைகள் சேரட்டும், ஆசிரியர் பணியிடம் தானாகக் கூடும்” என்கிறார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துப் பெற்றோர் விலகுகிறார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று இருக்கும் பணியிடத்தையும் உபரி என்று எடுத்துவிடுகிறார்கள். மறுஆண்டு இன்னும் நான்கு பேர் வேனில் ஏறுகிறார்கள். இந்தச் சுற்றை எங்காவது அறுத்தாக வேண்டும். அன்றாடங்காய்ச்சித் தகப்பன் தன் ஒரே பிள்ளையின் ஐந்து வருடங்களைப் பணயம் வைத்து முதலில் அறுக்க வேண்டுமா, ஓர் ஆசிரியரை அனுப்பி அரசு முதலில் அறுக்க வேண்டுமா? நடுவர் அவர்களே, இந்த ஒரு கேள்வியை வைத்தே நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம்.

எதிரணி நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பிள்ளைகளின் எண்ணிக்கை எதுவானாலும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லப் போகிறோம். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.